ஆறே முக்கால் சிஜிபிஏவும் வீட்டுப் பத்திரமும்

"இந்த மார்க்குக்கு எங்கப்பா சீட்டு கிடைக்கும்?"

பி.இ. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எங்க ஏரியாவுல காதுல விழுற முதல் கேள்வி இதுதான். மேல படிக்கணும், ஆனா மார்க் சுமார். சுமார்னா எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா ஆளுக்கு ஒரு கணக்கு வெச்சுக்குவீங்க. சிஜிபிஏ ஆறே காலில் இருந்து ஏழே கால் வரைக்கும். நடுவுல ரெண்டு மூணு அரியர் விழுந்து, அப்புறம் எழுதி எடுத்தது. மெடல் வாங்கின கோஷ்டியும் இல்லை, பாதியில விட்டுட்டு ஓடின கோஷ்டியும் இல்லை. கடைசிக்கு முந்தின பெஞ்சு. (அடியேனும் அந்த பெஞ்சுதான். ஆறே முக்கால்.)

என் கட்சி என்னன்னா, அந்தக் கேள்வியே தப்பு. "எங்க கிடைக்கும்"னு தேட ஆரம்பிச்சா கண்டிப்பா எங்கயாச்சும் கிடைச்சுடும். அதுதான் ஆபத்தே. சுமார் மார்க் வாங்கினவங்க கேக்க வேண்டியது வேற: என் பழைய மார்க்கை வாசல்ல மட்டும் பாத்துட்டு உள்ள விடுற இடம் எது? அங்க போக என்ன விலை?

நாகல் நகர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. திண்டுக்கல் டவுன்ல நெசவுக் குடும்பங்கள் நிறைஞ்ச பகுதி. பல வீட்டுல சௌராஷ்டிரம்தான் பேச்சு. தறிச் சத்தம் முன்ன மாதிரி இல்லை. பிள்ளைங்க எல்லாம் இன்ஜினியரிங் பக்கம் போயாச்சு. முத்தனம்பட்டியில 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்துடுச்சு, அப்புறம் சுத்துவட்டாரத்துல வரிசையா முளைச்சது, ரெட்டியார்சத்திரம் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோட வளாகக் கல்லூரியும் வந்தது. அப்பாவோட உழைப்பு, அம்மாவோட நகை, முதல் பட்டதாரி சலுகை, இதை எல்லாம் சேத்துத்தான் நிறைய வீடுகள்ல ஒரு பி.இ. வந்திருக்கு. அதுக்கப்புறம் கையில மிஞ்சறது வீட்டுப் பத்திரம் ஒண்ணுதான். ஆக, தப்பான இடத்துல மேல்படிப்புக்குச் சேர்ந்தா போறது வெறும் ரெண்டு வருஷம் இல்லைங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல உள்ளூர்க் கதவு. இதைத்தான் எல்லாரும் கடைசியா தட்டறாங்க.

என்.ஐ.டி.கள்ல எம்.டெக். சேர சி.சி.எம்.டி.ன்னு ஒரு பொது கவுன்சலிங் இருக்கு. அதுக்குத் தகுதி, பட்டப்படிப்புல 6.5 சிஜிபிஏ அல்லது 60 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 6.0 அல்லது 55 சதவீதம். இதைத் தாண்டிட்டா அப்புறம் நீங்க 6.6-ஆ 9.6-ஆன்னு பாத்து இடம் குடுக்கறது இல்லை. கேட் ஸ்கோரை வெச்சுத்தான் வரிசை. திருச்சி துவாக்குடியில இருக்கிற என்.ஐ.டி. உட்பட இதே கதைதான். நாலு வருஷமா சேந்த மார்க்கை மூணு மணி நேரப் பரீட்சை ஒண்ணு ஓரமா தள்ளி வெச்சுடுது. வெளிநாட்டு விண்ணப்பத்துல எங்க போனாலும் அந்தப் பழைய மார்க் ஷீட்தான் முன்னாடி வந்து நிக்கும். இங்க மட்டும் அது வாசலோட நின்னுடுது. சுமார் மார்க் ஆசாமிக்கு இதைவிட நியாயமான கதவு எனக்குத் தெரிஞ்சு இல்லை.

"கேட் கஷ்டம்ணே"ன்னு சொல்வாங்க. ஆமா, கஷ்டம்தான். யாரு இல்லைன்னா? 65 கேள்வி, 100 மார்க். அதுல 15 மார்க் பொது ஆப்டிட்யூட், அது எந்த பிராஞ்சா இருந்தாலும் உண்டு. நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்விக்குத் தப்பா போட்டா மைனஸ் மார்க். எண்ணா விடை எழுதற கேள்விக்கு மைனஸ் கிடையாது. மூணாம் வருஷம் படிக்கிறப்பவே எழுதலாம். வாங்கின ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். இத்தனை தடவைதான் எழுதணும்னு கட்டுப்பாடும் கிடையாது. பழைய கேள்வித்தாள் எல்லாம் நெட்ல சும்மா கிடக்கு. கஷ்டத்துக்கு ஆகிற செலவு ஒரு வருஷமும் பரீட்சைக் கட்டணமும். "கேட் கஷ்டம்"னு சொல்லிட்டு 30 லட்சம் கடன் வாங்கறது ஈசின்னு நினைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு உதைக்குது.

இன்னொண்ணு, கேட் மூலமா சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாசத்துக்கு 2,97,600 ரூபாய். நான் படிச்சப்ப 8,000-தான், 2014-க்கு அப்புறம்தான் 12,400 ஆச்சு. இன்னிக்கு விலைவாசிக்கு அது பத்தாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஹாஸ்டல், மெஸ் செலவுல பெரும்பகுதியைத் தாங்கிடும். வீட்டுல இருந்து பணம் வாங்காம படிக்கிறோம்ங்கற தெம்பு தனி. (தொகை ஒண்ணாம் தேதி டாண்ணு அக்கவுண்ட்ல விழும்னு நம்பி யார்கிட்டயும் கைமாத்து வாங்கி வெச்சுடாதீங்க. அது வர்றப்ப வரும்.)

6.5-ஐத் தொடலையா? தமிழ்நாட்டு கவுன்சலிங் இருக்கு. இதுக்கு 50 சதவீதம் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஒரு விஷயம் மட்டும் நிறைய பேருக்கு இன்னும் தெரியலை. 2023-ல் இருந்து எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு டான்செட் கிடையாது. அதுக்கு சீட்டா-பி.ஜி.ன்னு தனிப் பரீட்சை. டான்செட் இப்ப எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்குத்தான். கேட் ஸ்கோர் இங்கயும் செல்லும். கிண்டி, கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்பான்னு பேரு சொன்னா தெரியற கல்லூரிகள் எல்லாம் இந்த வழியிலதான் வருது. நம்ம ஊர்ல இருந்து பஸ் ஏறினா மதுரை ஒண்ணரை மணி நேரம். இதை விட்டுட்டு ஊர் பேர் தெரியாத கல்லூரியில மேனேஜ்மென்ட் கோட்டால எம்.இ. சேர்றவங்களைப் பாத்தா கஷ்டமா இருக்கு. பல கல்லூரிகள்ல எம்.இ. இடங்கள் காலியாவே கிடக்கு. நாலு பேர் உக்காந்திருக்கிற வகுப்புல லேபை யாரு திறந்து வைப்பா? சேர்றதுக்கு முன்னாடி நேர்ல போய், "போன வருஷம் இந்தப் பிரிவுல எத்தனை பேர் சேர்ந்தாங்க, பிராஜக்ட் என்ன பண்ணினாங்க"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. பதில் சொல்றவர் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில எம்.டெக். தவிர, ஆராய்ச்சி வழியில எம்.எஸ். ஒண்ணு இருக்கு. அதுக்கு விண்ணப்பிச்சு, கூப்பிட்டா எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும் இருக்கும். மனப்பாடம் பண்ணி ஒன்பது வாங்கினவனைவிட, ஏழு வாங்கினாலும் ஒரு விஷயத்தை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டவன் இன்டர்வியூவில தப்பிக்கலாம். அங்க வர்றது சும்மா விளையாட்டு இல்லை, ஆனா முயற்சி பண்ணிப் பாக்கறதுக்கு யாருகிட்டயும் அனுமதி வாங்க வேண்டியது இல்லையே.

நிற்க.

எந்தப் பிரிவுன்னு ஒரு கேள்வி இருக்கு. இங்கதான் நம்ம மக்கள் கூட்டத்தோட ஓடறாங்க. மெக்கானிக்கல் படிச்சவன், சிவில் படிச்சவன், எல்லாரும் டேட்டா சயின்ஸ். சுமார் மார்க்கை வெச்சுக்கிட்டு அந்த வரிசையில போய் நிக்கறது, கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு கடைசி ஆளா வந்து நிக்கற மாதிரி. இலை போட்டிருப்பாங்க, உக்கார இடம் இருக்காது. சி.சி.எம்.டி.யிலயே முந்தைய வருஷங்கள்ல ஒவ்வொரு பிரிவும் எந்த ஸ்கோர்ல மூடுச்சுன்னு போட்டிருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அதைப் படிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் சயின்சுக்கும், தெர்மல், மேனுஃபேக்சரிங், என்விரான்மென்டல் மாதிரி பிரிவுகளுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும். கடைசிச் சுற்றுகள் வரைக்கும் இடம் மிஞ்சற பிரிவுகளும் இருக்கு.

"மிஞ்சறதை ஏன் நான் எடுக்கணும்?" நல்ல கேள்வி. மிஞ்சுதுங்கறதுக்காக எடுக்க வேண்டாம். உங்களுக்கு அதுல சொல்ல ஏதாவது இருந்தா எடுங்க. நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல விஷயமா இல்லை? வீட்டுல தறி பாத்து வளந்தவன், பக்கத்துல ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்டுக்குப் போற மாமா சித்தப்பா இருக்கறவன், டெக்ஸ்டைல் பக்கம் திரும்பியே பாக்கறது இல்லை. கேட்ல டெக்ஸ்டைல் இன்ஜினியரிங்குக்குன்னே தனிப் பேப்பர் இருக்கு. டெல்லி ஐ.ஐ.டி.யில அதுக்குத் தனித் துறையே இருக்கு.

தோலை எடுத்துக்குங்க. திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணின்னு வெளியூர்க்காரங்க சொல்வாங்க. தோல் ஷாப் பத்தி நமக்குத்தான் தெரியும், அந்த வாடையும் தெரியும், அதால கெட்டுப்போன கிணத்துத் தண்ணியும் தெரியும். 1996-ல் வேலூர் தோல் ஆலைக் கழிவு வழக்குல உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்ப, அந்த உத்தரவு போன மாவட்டங்கள்ல அன்னிக்கு திண்டுக்கல் அண்ணா மாவட்டம்னு பேரு இருந்த நம்ம மாவட்டமும் ஒண்ணு. சென்னை அடையாறுல 1948-ல் ஆரம்பிச்ச மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தோட தோல் தொழில்நுட்பப் படிப்புகள் அதோட சேந்துதான் நடக்குது. சிவிலோ கெமிக்கலோ படிச்ச நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு, "எங்க ஊர்ல போர் தண்ணி ஏன் உப்பாச்சு, சுத்திகரிக்க என்ன வழி"ன்னு என்விரான்மென்டல் இன்ஜினியரிங் படிக்கப் போனா, இன்டர்வியூவுல ஒன்பது சிஜிபிஏ வாங்கினவங்களைவிட பத்து நிமிஷம் கூடப் பேசும். மார்க் குறைஞ்சவங்களுக்கு ஆயுதமே இதுதான். கடைசி வருஷ பிராஜக்டை மதுரையில காசு குடுத்து வாங்காம (எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தானே) உள்ளூர் பிரச்சினை ஒண்ணை எடுத்துப் பண்ணியிருந்தா, அது மார்க் ஷீட்டைவிட நிறைய பேசும்.

சரி, வெளிநாடு. போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? கணக்கு பண்ணிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்.

ஜெர்மனி இப்ப நம்ம பக்கம் ரொம்ப பிரபலம். "ஃபீஸே கிடையாதாம்ணே." பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் கிடையாதுதான். ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017-ல் இருந்து நம்மள மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல 2024 குளிர்கால செமஸ்டர்ல இருந்து புதுசா சேர்றவங்களுக்கு, முதுநிலைப் படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 இல்லன்னா 6,000 யூரோ. ஃபீஸ் இல்லாத இடத்துக்கும், விசாவுக்கு ஒரு வருஷச் செலவு 11,904 யூரோவை முடக்கி வெச்சுக் காட்டணும் (2024 செப்டம்பர்ல இருந்து இந்தத் தொகை). யூரோ நூறு ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் 12 லட்சத்துக்கு சொச்சம் குறைவு. அது உங்க காசுதான், அங்க போனப்புறம் மாசம் 992 யூரோவா உங்களுக்கே வரும். ஆனா முதல்ல கையில இருக்கணுமே. 2022 நவம்பர்ல இருந்து ஏ.பி.எஸ்.னு ஒரு சான்றிதழும் வேணும், அதுக்கு 18,000 ரூபாய்.

இதெல்லாம் பணம். சுமார் மார்க்குக்கு உண்மையான வில்லன் ஒரு சூத்திரம். ஜெர்மனியில 1.0-தான் உச்சம், 4.0 பாஸ். நம்ம சிஜிபிஏவை அதுக்கு மாத்தறதுக்கு பவேரியச் சூத்திரம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பத்துல இருந்து உங்க சிஜிபிஏவைக் கழிங்க. அதை, பத்துல இருந்து பாஸ் மார்க்கைக் கழிச்சு வர்ற எண்ணால வகுங்க. மூணால பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க. அவ்வளவுதான்.

6.8-ஐப் போட்டுப் பாப்போம். பாஸ் மார்க் 5-ன்னா, 3.2 வகுத்தல் 5, அது 0.64. மூணால பெருக்கினா 1.92. ஒண்ணு கூட்டினா 2.92. பாஸ் மார்க் 6-ன்னா? 3.2 வகுத்தல் 4, அது 0.8. பெருக்கிக் கூட்டினா 3.4!

அதே 6.8. அதே ராத்திரி முழிப்பு, அதே டீ. ஆனா எந்த ஒழுங்குமுறையில படிச்சீங்கங்கறதைப் பொறுத்து நம்பர் மாறிடுது. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ஒழுங்குமுறையில பாஸ் ஆகிற கடைசி கிரேடு 'பி', அதுக்கு 6 புள்ளி. 2021 ஒழுங்குமுறையில 'சி'ன்னு ஒண்ணு கீழ வந்துச்சு, அதுக்கு 5. உங்க மார்க் ஷீட்டுக்குப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, அங்க போட்டிருக்கும். நிறைய ஜெர்மன் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல கிரேடு கேக்கும். 2.5 வேணும்னா, பாஸ் மார்க் 5-ஆ இருந்தா 7.5 சிஜிபிஏ, 6-ஆ இருந்தா 8.0. அப்ப ஆறே முக்கால் ஆசாமி 2.5 கேக்குற படிப்புக்குப் பணம் கட்டி விண்ணப்பிக்கிறது போகாத ஊருக்கு டிக்கெட் எடுக்கறது. கிரேடு வரம்பு தளர்வா இருக்கிற படிப்பும் உண்டு, குறிப்பா பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள்ல. அங்க சில இடத்துல ஜெர்மன் மொழி தெரிஞ்சா கதவு இன்னும் கொஞ்சம் அகலமா திறக்கும். யூனி-அசிஸ்ட் வழியா போனா முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டர்ல அடுத்தடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30 யூரோ. பணம் கட்டறதுக்கு முன்னாடி, "எங்க பாஸ் மார்க்கை நீங்க எத்தனைன்னு எடுத்துக்குவீங்க"ன்னு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு மெயில் தட்டுங்க. ஒரு மெயிலுக்கு காசா பணமா.

அமெரிக்கா கதை வேற மாதிரி. அங்க பொதுவா நாலுக்கு மூணு ஜிபிஏ கேப்பாங்க. அதைக் கறாரா பாக்கிற இடமும் உண்டு, மொத்தமா எல்லாத்தையும் வெச்சு எடை போடற இடமும் உண்டு. கடைசி ரெண்டு வருஷ மார்க் ஏறுமுகமா இருந்தா அதைச் சொல்லிக்க ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். சுமார் மார்க்குக்கு அமெரிக்காவுல இடம் கிடைக்கறது அதிசயமே இல்லை.

பிரச்சினை, யார் வேணும்னாலும் வாங்கங்கற இடங்கள்ல இருக்கு. 2011 ஜனவரியில கலிபோர்னியாவுல ட்ரை-வேலி யூனிவர்சிட்டின்னு ஒண்ணை அதிகாரிங்க இழுத்து மூடினாங்க. படிச்சவங்கள்ல பெரும்பாலோர் நம்ம நாட்டுப் பிள்ளைங்க, அதுலயும் தெலுங்குப் பிள்ளைங்க. சில பேருக்குக் கால்ல ரேடியோ பட்டையைக் கட்டி விட்டாங்க, பேப்பர்ல படம் எல்லாம் வந்தது. 2019-ல் மிச்சிகன்ல ஃபார்மிங்டன் யூனிவர்சிட்டி. இது இன்னும் கொடுமை, அந்தப் பல்கலைக்கழகத்தையே அமெரிக்க அரசு அதிகாரிங்கதான் வலை விரிக்கறதுக்காக நடத்தினாங்க. வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. மாட்டினதுல பெரும்பாலோர் மறுபடி நம்மாளுங்க. அவங்க எல்லாரும் ஏமாந்தவங்களா, தெரிஞ்சே போனவங்களாங்கற விவாதத்துக்கு நான் வரலை. ரெண்டுமே கலந்திருந்திருக்கும். நான் சொல்ல வர்றது, அங்க யாருமே அட்மிஷன் கடுதாசியைப் பாத்து, "என்னடா, இவ்வளவு சுலபமா குடுத்துட்டான்"னு ஒரு நிமிஷம் யோசிக்க விரும்பலைங்கறதுதான். "எங்கயாச்சும் கிடைக்குமா"ன்னு ஏங்கிக்கிட்டு இருக்கிற மனசுக்கு அந்தக் கேள்வி வராது.

படிச்சு முடிச்சப்புறம் வேலையும் முன்ன மாதிரி கணக்குப் போட முடியலை. அறிவியல், பொறியியல் படிப்புக்கு முதல் 12 மாசமும் கூடுதலா 24 மாசமும் வேலை பாக்க அனுமதி இருக்கு. அதுக்கு அப்புறம் எச்-1பி. 2025 செப்டம்பர்ல புது எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு உத்தரவு வந்து எல்லார் வயித்தையும் கலக்கிச்சு. அங்கயே இருந்து மாணவர் விசாவுல இருந்து மாறுறவங்களுக்கு அது இல்லைன்னு அக்டோபர்ல விளக்கம் குடுத்தாங்க. ஒரு மாசத்துக்குள்ள இவ்வளவு ஆட்டம். 10 வருஷக் கடனை இந்த ஆட்டத்து மேல கட்டறதுக்கு தைரியம் வேணும்.

கடன்னு சொல்லிட்டேன், கணக்கையும் போட்டுடறேன். வங்கிகளோட வழக்கமான கல்விக் கடன் திட்டத்துல ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஜாமீன் கேப்பாங்க. எங்க தெருவுல சொத்துன்னா அந்த ரெண்டு அறை வீடு. 30 லட்சம், 11 சதவீத வட்டின்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு வட்டி மட்டும் 3,30,000. பையன் படிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே அது ஓடும். படிப்பு முடிஞ்சு 10 வருஷத்துல கட்டறதுன்னா, அதுவரைக்கும் சேந்த வட்டியைக் கணக்குல எடுக்காமலே மாசம் 41,000-க்கு மேல. வேலை கிடைக்காம ஊர் திரும்பினா, திண்டுக்கல்லயோ கோயம்புத்தூர்லயோ புதுசா வேலைக்குச் சேர்ற இன்ஜினியருக்கு முழுச் சம்பளமாவது அந்த அளவு வருமா? அதை அந்த அப்பாகிட்ட யாரும் சொல்றது இல்லை. "கிடைச்சிருச்சாம்"னு அவர் தெரு முழுக்க லட்டு குடுத்துக்கிட்டு இருக்காரு.

சொல்ல வேண்டியவங்க கன்சல்டன்சிக்காரங்க. சொல்வாங்களா? போன வருஷம் எங்க தெருப் பையன் ஒருத்தனோட மதுரையில ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். ஏசி ரூம், காப்பி, சுவர்ல கொடிகள். பையனோட மார்க் ஷீட்டை ஒரு நிமிஷம் பாத்தாங்க. எந்தப் பாடம் பிடிக்கும், என்ன பிராஜக்ட் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. பத்தே நிமிஷத்துல எட்டு பேர் போட்ட பட்டியல் வந்துடுச்சு, "எல்லாம் ஷ்யூர் அட்மிட் சார்"னு. ஆலோசனை இலவசம். எப்படி இலவசம்னு கேட்டேன், சிரிச்சாங்க. சேத்து விடற ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுக்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கு, ஒளிவு மறைவு இல்லாமலே நடக்கிற தொழில்தான் இது. தப்புன்னு சொல்ல வரலை. ஆனா துணிக்கடை சேல்ஸ்மேன்கிட்ட போய், "எனக்குத் துணி தேவையா"ன்னு கேக்கக்கூடாது இல்லையா.

வெளியில வந்து அந்த எட்டையும் பையனும் நானும் பிரிச்சுப் பாத்தோம். பாடத்திட்டத்தைத் திறந்து பாத்ததுல நாலுல அவன் படிக்கணும்னு சொன்ன மெஷின் டிசைன் பாடமே இல்லை. ரெண்டுல அவன் பவேரியக் கணக்குக்கே தேற மாட்டான். மிச்சம் ரெண்டு. அதுல ஒண்ணு ஃபீஸைப் பாத்தா மயக்கம் வரும். ஆக எட்டுல ஒண்ணு. பட்டியல் போடறதுங்கறது என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான். தரவரிசையைப் பாத்து மேல இருந்து கீழ இறங்கறது இல்லை. பாடத்திட்டம், மார்க் கணக்கு, பணம்னு ஒவ்வொரு சல்லடையா போட்டுச் சலிக்கறது. மிஞ்சினது மூணு நாலுன்னா மூணு நாலுக்கே போடுங்க. பதினைஞ்சு இடத்துக்குப் போட்டா விண்ணப்பக் கட்டணமே ஒரு செமஸ்டர் ஃபீஸ் ஆயிடும்.

நோக்க அறிக்கைன்னு ஒண்ணு எழுதச் சொல்வாங்களே, அதுல "சின்ன வயசுல இருந்தே இயந்திரங்கள் மேல் எனக்குத் தீராத ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க சாமி. கன்சல்டன்சியில எல்லாருக்கும் அதையேதான் எழுதிக் குடுக்கறாங்க. நீங்க எந்தப் பாடத்துல எட்டு, ஒன்பது வாங்கினீங்களோ அதைச் சொல்லுங்க. அரியர் வெச்சிருந்தா மறைக்காதீங்க, மார்க் ஷீட்லயே இருக்கு. ரெண்டு வரியில காரணத்தைச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போங்க, அழுகாச்சி காவியம் வேண்டாம். சிபாரிசுக் கடிதத்தை நீங்களே எழுதி வாத்தியார்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கறது நம்ம ஊர் வழக்கம். உங்க பேரை ஞாபகம் வெச்சிருக்கிற லேப் வாத்தியார் ஒருத்தர் நாலு வரி உண்மையா எழுதினா, மறந்துபோன எச்.ஓ.டி. கையெழுத்தைவிட அது மேல்.

உடனே படிச்சே ஆகணுமான்னும் கேட்டுப் பாருங்க. மில்லுல மெயின்டனன்ஸ்லயோ, ஒசூர், கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனியிலயோ ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு விண்ணப்பிச்சா, பழைய மார்க்குக்குப் பக்கத்துல வெக்க புதுசா ஒண்ணு கையில இருக்கும். வேலையில இருந்துகிட்டே கேட் எழுதினவங்களும் இருக்காங்க. "இடைவெளி விழுந்துடும்"னு பயமுறுத்தறவங்க, ரெண்டு வருஷ வேலையை இடைவெளின்னு சொல்றாங்கன்னா அவங்க வேலையே பாத்தது இல்லைன்னு அர்த்தம்.

டிஸ்கி: நான் கன்சல்டன்சியும் நடத்தலை, கேட் கோச்சிங்கும் நடத்தலை. பொட்டி தட்டற பொழப்புதான். கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பத்தி எழுதலையேன்னு கேட்டு யாரும் கும்ம வேண்டாம், அங்க விதி மாறற வேகத்துக்கு நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள பழசாயிடும். அங்க இருக்கிற நண்பர்கள் யாராச்சும் எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

கேட் பரீட்சை வழக்கமா பிப்ரவரியில. விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசி வாக்குல திறக்கும். வீட்டுல மூணாம் வருஷமோ நாலாம் வருஷமோ படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா இப்பவே காதுல போட்டு வைங்க. கடைசி நாள் ராத்திரி வரைக்கும் காத்திருந்தா சர்வர் படுத்துடும், தாமதக் கட்டணம் வேற தண்டம்.